வக்கீல் படிப்பில வேலை இல்லன்னு நீ சொன்ன பொய்

தாழக்குடி
ஆவணி முதல் ஞாயிறு

அன்பு மகன் அனில்குமாருக்கு அப்பா எழுதுகேன். இங்க நானும் அம்மாவும் தங்கச்சி அபிதாவும் இசக்கியம்மன் புண்ணியத்தில கை கால் சுகத்தோட நடமாடுகோம், அங்க மஸ்கட்ல அந்த வெயில்லயும் உன் உடம்புக்கு ஒரு குறைவும் இருக்காதுன்னு நம்பிக்கிட்டு இதை ஆரம்பிக்கேன். தெனமும் ஃபோன்ல மூஞ்சியப் பாத்துப் பேசுற அப்பன் திடீர்னு கடிதாசி எழுதுகானே, யாருக்கு என்ன ஆச்சோன்னு பயந்திராத மக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகல்ல. ஃபோன்ல சொல்லலாம்னா உங்க அம்மா அதை ஸ்பீக்கர்ல போட்டு அடுக்களை, புறவாசல்னு வீடு பூரா தூக்கிக்கிட்டு அலைவா, இது அப்படி அலைஞ்சுக்கிட்டு பேசுற காரியம் இல்ல. பொறவு, உன் மொகத்தைப் பாத்துக்கிட்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்ல, அதுதான் உள்ளது. உன் ரூம்ல கூட இருக்கிற முட்டத்துப் பையன் பெனிட்டோ லீவு முடிஞ்சு நாளைக்கு திருவனந்தபுரத்தில விமானம் ஏறுகான், இன்னைக்கு சாயங்காலம் வந்து உனக்குள்ள சாமானை வாங்கிக்கிட்டு போறேன்னு சொன்னான். அதுக்குள்ள எழுதி முடிக்கணும். அம்மாவும் அபிதாவும் நாகராஜா கோவிலுக்குப் பால் ஊத்தப் போயாச்சு, ஆவணி ஞாயிறு கூட்டத்தில நின்னு தொழுதுட்டு வர மத்தியானம் ஆகும். வீட்டில நானும் இந்தப் பேப்பரும்தான்.

அம்மாவுக்கு முட்டுவலி பழையபடிதான், தைலம் போட்டா ரெண்டு நாள் நல்லா நடப்பா, மூணாம் நாள் என்னை ஏசிக்கிட்டே நடப்பா. ஏத்தங்காய் சிப்ஸ் அவளே இருந்து வறுத்து டப்பாவில அடைச்சிருக்கா, நீ ஒருத்தனா தின்னு தீக்காம பெனிட்டோவுக்கும் குடு, சுமந்துக்கிட்டு வாறவன்லா. கன்னிப்பூ சாகுபடி நெல்லு கதிர் தள்ளி பால் பிடிச்சு நிக்குது, மழை சதிக்காம இருந்தா இந்தப் போகம் நல்ல விளைச்சல். ஆனா அறுப்பு மிஷின் இந்தத் தடவையும் நம்ம வயலுக்குள்ள எறங்காது, வழி இல்லைல்லா. ஆளு வச்சுத்தான் அறுக்கணும், ஆளும் கிடைக்கல்ல. ஆனி மாசம் கோட்டாற்றில இருந்து உனக்கொரு சம்பந்தம் பேசி வந்தாங்க, பொண்ணுக்க மாமன் கேட்டான், பையன் வக்கீலா இல்ல கம்பெனியில ஸ்டோர் கிளார்க்கான்னு. நான் ரெண்டும்தான்னு சொன்னேன். அவன் சிரிச்சான் பாரு ஒரு சிரிப்பு. அவங்க போன பொறவு உங்க அம்மா, பையனுக்கு அந்தப் படிப்பைப் படிக்க வச்சதுதான் தப்பு, வேலை இல்லாத படிப்புன்னு யாராவது அப்பவே சொல்லிருக்கலாம்னு பொலம்பினா. நான் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். எட்டு வருஷமா அப்படித்தான் ஆட்டிக்கிட்டிருக்கேன், வெக்கம் கெட்ட தலை.

இனி அபிதா காரியம். உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா உனக்குத் தெரியாத பாதியும் இருக்கு, அதனால முதல்ல இருந்தே சொல்லுகேன். அவ பி.காம். முடிச்ச கையோட நம்ம யார்கிட்டயும் சொல்லாம மூணு வருஷ வக்கீல் படிப்புக்கு மனுப் போட்டுட்டா. ராங்க் லிஸ்ட்ல நல்ல எடத்தில பேர் வந்திருக்கு, திருநெல்வேலியிலயே கிடைக்கும்னு அவ கூட்டாளிகள் சொல்லுகாங்களாம். ஒருநாள் காலம்பற நான் தோசை தின்னுக்கிட்டிருக்கும்போ வந்து நின்னு பைய விசயத்தைச் சொன்னா. எனக்கு சண்டாளக் கோபம் வந்துட்டு. ஏட்டி, உங்க அண்ணன் அஞ்சு வருஷம் படிச்சான், மூணு வருஷம் நாகர்கோவில் கோர்ட்டில கேஸ் கட்டு சுமந்தான், கடைசியில என்ன கண்டான், கறுப்புக் கோட்டை மடிச்சு பீரோவில வச்சிட்டு மஸ்கட்ல பெட்டி எண்ணுகான், இந்த ஜில்லாவில தடுக்கி விழுந்தா ஒரு வக்கீல் மேலதான் விழணும், அதுல நீ ஒருத்தி குறைச்சலோன்னு கேட்டேன். அதுக்கு அவ, அண்ணன்கிட்டயே கேட்டுக்கிடுகேன்னா. உடனே ஸ்பீக்கர்ல போட்டு உனக்கு அடிச்சா. நான் புறவாசல்ல துவைகல்லுக்குப் பக்கத்தில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது.

நீ அவகிட்ட சொன்னது அவ்வளவும் எனக்கு ஓர்மை இருக்கு. வேண்டாம் மக்கா, அந்தப் படிப்புக்கு வேலை கிடையாது, சீனியர் குடுக்கிறது பஸ்ஸுக்கும் சாயாவுக்கும்தான் காணும், வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில கோட்டு போட்டுக்கிட்டு வாறாங்க, கேஸ் அத்தனை வராது, நீ பேசாம பி.எட். படின்னு சொன்ன. அதுவரைக்கும் சரி. அதுக்கு மேல அந்தக் குட்டி கேட்டாளே, நீ விட்டுட்டுப் போனது அதுக்கு மட்டும்தானா, வேற காரணம் ஒண்ணும் இல்லியாண்ணான்னு. லைன் கட் ஆச்சோன்னு நான்கூட நெனச்சேன். பொறவு, அதுக்கு மட்டும்தான்னு சொன்னியே மக்கா, அதுதான் என்னைப் போட்டு அறுக்குது. அவ சரிண்ணான்னு வச்சிட்டா. மறுநாள் பி.எட். மனு வாங்கிக்கிட்டு வந்து டி.வி.க்கு மேல வச்சிருக்கா, இன்னும் எழுதல்ல. உள்ளதைச் சொல்லுகேன், நீ வேண்டாம்னு சொன்னதைக் கேட்டதும் முதல்ல எனக்கு சந்தோசம்தான். உள்ள போயி இன்னும் ரெண்டு தோசை வாங்கித் தின்னேன். கை கழுவும்போதுதான் உறைச்சுது, எட்டு வருஷம் கழிச்சும் அங்க இருந்துக்கிட்டு இவன் என் மானத்தைக் காப்பாத்த தங்கச்சிகிட்ட பொய் சொல்லுகான்னு.

நீ எதை மறைச்சேன்னு நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா என் வாயால நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்டகூட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டதில்ல. அதனால எழுதுகேன். நீ பன்னிரண்டாவது படிக்கும்போ நம்ம குடும்பக் கோவில் கொடைத் திருவிழாவில நடந்தது உனக்கு நல்லா ஓர்மை இருக்கும். மிஷின் போக உன் சித்தப்பன் கிருஷ்ணமணி வயல் வழியா வழி கேட்டு நான் கேஸ் போட்டு அப்பவே ரெண்டு வருஷம். கூடப் பொறந்த தம்பி, எனக்கு அடுத்தாப்பில பொறந்தவன், நம்ம வயல்ல கதிர் முத்துற சமயத்தில அவன் வயல் பச்சையா நிக்கணும்னே பத்து நாள் பிந்தி நடுவான். கோவில் வரி குடுக்க வந்த எடத்தில வாய்த் தகராறு ஆச்சு. பெரியவங்க ரெண்டு பேரையும் அம்மன் முன்னால நிறுத்தி சமாதானம் பேசினாங்க. நான் கேக்கல்ல. எரியுற கற்பூரத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணினேன், என் மகனை வக்கீலுக்குப் படிக்க வைப்பேன், அவன் கோட்டு போட்டு வந்து நின்னு எனக்கு வழி வாங்கித் தருவான், அதுவரைக்கும் சமாதானம்னு எவன் வந்தாலும் கேக்கமாட்டேன்னு. ஊரே வாயைப் பொளந்து பாத்துது. எனக்கு அது பெரிய வீரம். கணக்கில நூத்துக்கு நூறு வாங்குறவன் நீ, பி.எஸ்.சி. கணக்குக்கு ஃபாரம் வாங்கி வச்சிருந்த. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? வயலுக்கு ஒரு மம்பட்டி வாங்குறதுன்னாலும் கையில எடுத்துப் பாத்து நாலு கேள்வி கேப்பேன். உன்னைக் கேக்காமலே உன்னை அம்மனுக்கு முன்னால வச்சு சத்தியம் பண்ணிட்டேன்.

அப்படியும் நீ மொகம் கோணாம போனியே. முதல் வருஷம் லீவுக்கு வரும்போ ஒண்ணும் பேசமாட்டே, ரெண்டாம் வருஷத்தில இருந்து சாப்பிடும்போகூட சட்டம்தான். கொழும்புக்காரன் ஒருத்தன் வாழைத்தோட்டத்தை வித்த கேசுன்னு அம்மாகிட்ட நீ கதை மாதிரி சொல்லுவே, அவ வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே தீர்ப்பு சொல்லுவா. நான் நெனைச்சது, பையன் என் சத்தியத்துக்காகப் படிக்கான்னு. இல்ல, உனக்கு அது பிடிச்சுப் போச்சு. ராஜமணி வக்கீல்கிட்ட ஜூனியரா சேந்த பொறவு நீ காலம்பற ஏழு மணிக்கு வண்டியை எடுத்தா ராத்திரிதான் வருவே, சம்பளம்னு ஒண்ணும் காணல்ல, ஆனா உன் மொகத்தில ஒரு தெளிச்சம் இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், பாத்தும் புரியல்ல.

பொறவு அந்த நாள். நீ ஒரு மாசமா சித்தப்பன் வீட்டுக்கு நடந்து, ரெண்டு பக்கத்து வக்கீலையும் சம்மதிக்க வச்சு, ஒரு சமாதானப் பேப்பர் தயாராக்கி வச்சிருந்த. கால்வாய்க் கரையோரமா அவன் வயல்ல எட்டடி வழி நமக்கு, அதுக்குப் பதிலா எப்பவும் வெள்ளம் கட்டிக் கிடக்குற நம்ம வடக்கு மூலை அவனுக்கு. இப்ப யோசிச்சா நமக்குத்தான் லாபம். கிருஷ்ணமணி அதுல கையெழுத்தும் போட்டாச்சு. கோர்ட்டு வராந்தாவில வச்சு நீ பேனாவைத் திறந்து என் கையில தந்தே. நாலு வக்கீல்மார், குமாஸ்தா, கட்சிக்காரங்க எல்லாரும் நிக்காங்க, தூரத்தில உன் சித்தப்பனும் நிக்கான். எனக்கு அந்தக் கற்பூரம்தான் ஞாபகம் வந்துது. என் மகன் எனக்கு ஜெயிச்சுத் தருவான்னு சொன்ன எடத்தில அவன் தோத்துக் குடுக்கச் சொல்லுகானேன்னு நெனச்சேன். பேப்பரை நாலாக் கிழிச்சு உன் மொகத்தில வீசிட்டு சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். நீ குனிஞ்சு துண்டையெல்லாம் பொறுக்கி எடுத்தே. பொறவு என்னை வண்டியில பின்னால ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வந்தே, வழியில மெடிக்கல்ல நிறுத்தி அம்மாவுக்கு மாத்திரை வேற வாங்கினே. அடுத்த நாள்ல இருந்து கோர்ட்டுக்குப் போகல்ல, ரெண்டு மாசத்தில விசா வந்துட்டு. அம்மா கேட்டதுக்கு இதுல வருமானம் இல்லம்மான்னு சொன்னே. நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன். கல்யாண வீடு, சாவு வீடு, சாயாக் கடைன்னு போற எடமெல்லாம் வக்கீல் படிப்புக்கு இப்ப மதிப்பு இல்ல, எம்மவனே விட்டுட்டான்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டு பிள்ளைகளை அந்தப் படிப்பில சேக்காம விட்டாங்களோ.

போன செவ்வாய்க்கிழமை நான் யார்கிட்டயும் சொல்லாம நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போனேன். நம்ம கேஸுக்கு வாய்தா ஒண்ணும் இல்ல, சும்மாதான் போனேன். எனக்கு ஒரு காரியம் தெரியணும்னு இருந்துச்சு, அபிதாகிட்ட நீ சொன்னது எத்தனை பங்கு பொய், எத்தனை பங்கு உள்ளதுன்னு. வாசல்ல ரெண்டு மூணு சின்னப் பிள்ளைகள் கோட்டு போட்டுக்கிட்டு நின்னுது, கேட்டேன். ஒருத்தன் சொன்னான், தாத்தா, ரெண்டு வருஷமா வாய்தா வாங்குறது மட்டும்தான் என் வேலைன்னு. இன்னொருத்தன் சாயங்காலம் டியூசன் எடுத்துத்தான் செலவைச் சமாளிக்கான். உன்கூடப் படிச்ச வினோஜ் வடசேரியில மொபைல் கடை வச்சிருக்கான், அங்கயும் போனேன். மாமா, படிச்சது வீண்னு சொல்லமாட்டேன், கட்டடக்காரன் வாடகையை ஏத்த வந்தா சட்டம் சொல்லி அனுப்புகேன், ஆனா அது வயிறு நெறைக்கல்லன்னு சொல்லி சிரிச்சான். வேலை கிடைக்குமான்னு கேட்டா கிடைக்கும்னு துணிஞ்சு சொல்ல ஒருத்தனும் இல்ல. நீ சொன்னதில அந்தப் பங்கு உள்ளதுதான், அதை நான் ஒத்துக்கிடுகேன்.

பொறவு ஜெஸ்பினைப் பாத்தேன், உன் வகுப்புப் பிள்ளை, கொடைக்கு நம்ம வீட்டுக்கு ஒருக்கா வந்திருக்கால்லா. கையில மூணு கட்டோட ஓடிக்கிட்டிருந்தா, என்னைக் கண்டதும் நின்னா. வாங்க மாமான்னு கேன்டீனுக்குக் கூட்டிக்கிட்டு போயி வடை வாங்கித் தந்தா. ஆறு வருஷம் ஆச்சாம் அவளுக்குன்னு ஒரு கட்சிக்காரன் நேரா வர. அதுவரைக்கும் ஆபீசுக்கு வாறவன் எல்லாம் சார் இல்லியான்னுதான் கேப்பானாம், எதிர்ல அவ இருந்தாலும். நாப்பது பேர் படிச்சதில இப்ப கோட்டு போடுறது பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும்னு விரல் விட்டு எண்ணிப் பாத்து சொன்னா. அப்ப நீ ஏன் விடல்லன்னு கேட்டேன். எனக்கு வேற ஒண்ணும் செய்யப் பிடிக்கல்ல மாமான்னா. அதுக்குப் பொறவு மெதுவா சொன்னா, அனில் வேலை இல்லாம போகல்ல மாமா, நான் அன்னைக்கு வராந்தாவிலதான் நின்னேன்னு. நான் பாதி வடையை இலையிலயே வச்சிட்டு எழும்பிட்டேன்.

ராஜமணி வக்கீல் ஆபீசுக்குப் போற எண்ணமே எனக்கு இல்ல, கால் தானா கொண்டு போச்சு. மனுசன் நல்லா வயசாகிப் போனார், என்னை இரிங்கன்னு சொல்லி ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தார். தென்னங்கன்னு மாதிரிதான் இந்தத் தொழில், முதல் மூணு நாலு வருஷம் வெள்ளம் ஊத்திக்கிட்டே இருக்கணும், காய் கேக்கக் கூடாது, உங்க பையன் பாளை விடுற சமயத்தில போயிட்டான்னார். அந்த மாசம்தான் ஒரு பேங்க் கேஸ் பூரா உன் பேருக்கு மாத்திக் குடுக்கிறதா இருந்தாராம். பலகையில தன் பேருக்குக் கீழ உன் பேரை எழுத ஆளுக்குச் சொல்லியாச்சாம். இதெல்லாம் உனக்கு அப்பவே தெரியுமாம். தெரிஞ்சும் போனியே மக்கா, தெரிஞ்சும் வருமானம் இல்லன்னு அம்மாகிட்ட சொன்னியே. நான் அந்த ஆபீஸ் படியில எறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் எப்படி நடந்தேன்னு தெரியாது, குடையை அங்கயே வச்சிட்டு வந்துட்டேன். நான் பாவி. உன் சோத்தில மண்ணை அள்ளிப் போட்டது படிப்பு இல்ல, கவர்மென்ட் இல்ல, கோர்ட்டு இல்ல, இந்தக் கை.

இதுவரைக்கும் எழுதும்போ அவங்க ரெண்டு பேரும் கோவில்ல இருந்து வந்துட்டாங்க. நான் பேப்பரை பஞ்சாங்கத்துக்கு அடியில சொருகி வச்சேன். அபிதா பாத்துட்டா. உன்கிட்ட ரகசியமா சொல்லி, நீ அவகிட்ட உள்ளதைச் சொல்லுன்னு கேக்கிறதுதான் என் எண்ணமா இருந்துது. ஆனா அதுவும் ஒரு கள்ளத்தனம்தானே, நான் செஞ்ச காரியத்தைச் சொல்ற பாரத்தையும் உன் தலையிலயே வைக்கிறதுதானே. மத்தியானம் ஊணு தின்னு கழிஞ்ச பொறவு எல்லாத் தாளையும் எடுத்து அவ கையில குடுத்தேன். அடுக்களை நிலையில சாஞ்சு நின்னு வாசிச்சா. வாசிச்சு முடிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன்னு எழுதியிருக்கீங்களேப்பா, என்ன சொன்னீங்கன்னா. அது எதுக்குட்டி இப்பன்னு கேட்டேன். அண்ணன் எனக்கு எதை மறைச்சானோ அதையே நீங்களும் மறைச்சா நான் எதை வச்சு முடிவு எடுக்கன்னு கேட்டா. வயசு எழுபது ஆகப் போகுது எனக்கு, இருபத்தொரு வயசுப் பிள்ளை முன்னால தலை குனிஞ்சு அதைச் சொன்னேன். அவ, இதையும் எழுதுங்கப்பான்னு பேப்பரைத் திருப்பித் தந்தா.

எழுதுகேன். சித்தப்பன் வீட்டுச் சோத்துக்கு அப்பனை வித்துட்டியேலே, நீ எனக்குப் பொறந்தவன்தானாலேன்னு கேட்டேன். அவ்வளவு ஆளு மத்தியில, நீ கோட்டு போட்டுக்கிட்டு நிக்கும்போ. உங்க அம்மா அடுப்புக்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. இந்த எட்டு வருஷமும் அவளுக்கு இது தெரியாது. அந்தக் கேள்வி உன்னை மட்டும் இல்ல, அவளையும்தான் கேட்டதுன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது, பாத்துக்கோ என் புத்தியை. அவ ஏசுவான்னு பாத்தேன், ஏசல்ல. அடுப்பை அணைச்சிட்டு முட்டுக்காலைப் பிடிச்சுக்கிட்டு புறவாசலுக்குப் போனவ இன்னும் உள்ள வரல்ல. எனக்கு அங்க போகப் பயமா இருக்கு.

அபிதாவுக்கு எந்தக் காலேஜ் வேணும்னு கம்ப்யூட்டர்ல பதிய வாற வியாழக்கிழமை கடைசி. இதையெல்லாம் வாசிச்ச பொறவும் அவ பதிவாளா மாட்டாளான்னு சொல்லல்ல, நானும் கேக்கல்ல, கேக்க எனக்கு வாய் இல்ல. ஜெஸ்பின் சொன்னதை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சா. இந்தக் கடிதாசி உனக்கு செவ்வாய்க்கிழமை கிடைச்சிரும். புதன்கிழமை நீ அவளுக்கு ஃபோன் பண்ணு. அம்மா ஸ்பீக்கர்லயே போடட்டும், நானும் பக்கத்தில இருக்கேன். அந்தத் தொழில்ல கஷ்டம்னா கஷ்டம்னு சொல்லு, வேலை கிடைக்காதுன்னு உன் மனசுக்கு உண்மையாப் பட்டா அதையும் சொல்லு, அவ தாங்குவா. எனக்காக மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லாத. சித்தப்பன் வீட்டுக்குப் போனியான்னு நீ கேப்பே. போகல்ல. சத்தியத்தைத் திருப்ப அம்மனுக்கு என்ன செய்யணும்னு பூசாரிகிட்ட கேட்டு வச்சிருக்கேன், ஆனா தம்பி வீட்டுப் படியில ஏற இன்னும் மனசு வரல்ல, இதுலயும் உன்கிட்ட பொய் சொல்லப் பிடிக்கல்ல.

நீ நல்லா இருக்கணும் மக்கா, தீர்க்காயுசா இருக்கணும், நீ கையில எடுத்த காரியம் இனியாவது எவனும் குறுக்க வராம நடக்கணும்னு அம்மனைக் கும்பிட்டுக்கிடுகேன். மத்தியான வெயில்ல வெளிய எறங்காத, எறங்கினா தலையில துணி போடு. வெள்ளம் நிறையக் குடி. உன் கறுப்புக் கோட்டை அம்மா ஆடியில எடுத்து வெயில்ல காயப் போட்டு மறுபடி மடிச்சு வச்சா, பூச்சி ஒண்ணும் அரிக்கல்ல. திரும்பி வான்னு நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. அன்னைக்கு வராந்தாவில உன்கிட்ட கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்லணும், எட்டு வருஷம் பிந்திப் போச்சு, கீழ என் பேருக்கு மேல எழுதியிருக்கேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அப்பன்
கணபதியப்பன்